துரை சுத்த சைவம்

கூடைக்குள்ள என்னம்மா, நாய்க்குட்டியா? துண்டப் போட்டு இப்படி மூடி வச்சிருக்கியே, மூச்சு முட்டாதா? விலக்கி விடு. நான் டி.டி.ஆர்கிட்டல்லாம் சொல்ல மாட்டேன். இந்தா, சன்னல் பக்கம் வையி, காத்து வரட்டும். நான் காலத் தூக்கி மேல வச்சுக்கிடுதேன்.

முழிச்சுப் பாக்கான் பாரு, கள்ளன். தொட்டுப் பாக்கச் சொல்லுதியா? வேண்டாம்மா. தொட்டா அழுதிருவேன். ரயில்ல நாலு பேர் பாப்பாவ.

குரும்பூர்ல எறங்கணுமா நீ? நான் திருச்செந்தூரு. சொந்த ஊரு பாளையங்கோட்டை. எங்க வீட்டுல அவுக கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவுக. பிரமநாயகம்னு சொன்னா எங்க தெருவுல யாருக்கும் தெரியும். எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான். சின்னத்துரைன்னு பேரு, கூப்பிடுறது துரை. நாய்தான். ஆனா நாய்னு சொன்னா அவுகளுக்குக் கோவம் வந்துரும். கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் "நாயக் கட்டுங்க"ன்னு சொன்னதுக்கு, "எலேய், பேர் சொல்லிக் கூப்பிடுல"ன்னு சண்டைக்குப் போயிட்டாவ.

நாங்க சைவம், பாத்துக்கோ. சைவம்னா சும்மா பேருக்கு இல்ல. முட்ட கலந்த கேக்கு எங்க வாசப்படி ஏறாது. துரையையும் அப்படித்தான் வளத்தேன். கண்ணு தொறக்காம வந்தான், பாலாடையில பால் ஊத்தி வளத்தது இந்தக் கைதான். காலையில இட்லி, மத்தியானம் பருப்புச் சோறு, ராத்திரிக்குத் தயிர்ச் சோறு. வெள்ளிக்கிழமைன்னா ஒரு கரண்டி நெய் உண்டு. அமாவாசைக்கு எங்க கூடவே விரதம். காக்காய்க்கு வச்ச பொறவுதான் அவனுக்கும் இலை. நெத்தியில துண்ணூறு பூசி விட்டா உலுப்பாம கொள்ளாம உக்காந்திருப்பான். தெருவே வந்து பாத்துட்டுப் போவும்.

அவுகளுக்கு அதுல எவ்வளவு பெருமை தெரியுமா! சாயங்காலம் சிவன் கோயிலுக்குப் போனா பிரகாரத்துல நாலு கூட்டாளிக உக்காந்து பேசுவாவ. அங்க இதே பேச்சுதான். "எங்க துரை கறிக்கடை வாசல்ல போனாக்கூட மொகத்தத் திருப்பிக்கிடுவான்"பாவ. அது எந்தக் கறிக்கடைன்னு எனக்குத் தெரியாது. அவன நாங்க தெருவுக்கே விட்டது கிடையாது.

போன மாசியில அவனுக்குப் பின்னங்காலு இழுக்க ஆரம்பிச்சுது. மாடிப்படி ஏற மாட்டேன்னுட்டான். முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. வயசாவுதுல்லான்னு அவுக சொன்னாவ. அப்படி ஒண்ணும் வயசாயிரல. எனக்கு மனசே கேக்கல. செந்தூர் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். "அப்பா, எம் பிள்ளைக்குக் காலு நேராயிட்டா ஒனக்கு வெள்ளியில கால் செஞ்சு உண்டியல்ல போடுதேன்"ன்னு.

அந்த நேரம் பாத்துப் பெங்களூருக்குப் போக வேண்டியதாயிட்டு. மகன் அங்க இருக்கான். மருமகளும் வேலைக்குப் போறா. பள்ளிக்கூடம் லீவு விட்டா அவன் பிள்ளைகளப் பாத்துக்கிட ஆள் வேணும், வருசா வருசம் நாங்கதான் போவோம். எங்களுக்கு அங்க யார் சம்பளம் தாரா? போனமா, பொங்கிப் போட்டமா, வந்தமான்னு இருக்கும். அந்தக் குடியிருப்புல நாய்க்கு எடமில்லன்னு மருமக சொல்லிட்டா. முந்தின வருசம் வரைக்கும் அவுக தங்கச்சி வந்து எங்க வீட்டுல இருந்தா. இந்த வருசம் அவளுக்கு முட்டுவலி.

அப்பதான் இந்தப் பிள்ளைய வச்சேன். பியூலான்னு பேரு. பின்தெருவுல ரோஸ்லின்னு ஒருத்தி, ஆஸ்பத்திரியில ஆயா வேலை, புருசன் இல்ல. அவ மக. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிட்டு வீட்டுல இருந்தா. டைப் கிளாஸுக்கு எங்க வீட்டு வழியாத்தான் போவா. போகும்போதும் வரும்போதும் கேட்டுக்குள்ள கைய விட்டுத் துரையோட மண்டையத் தடவிட்டுத்தான் போவா. அவனும் வாலாட்டுவான். சரி, தெரிஞ்ச பிள்ளைன்னு கூப்பிட்டேன்.

சும்மா பாத்துக்கோன்னு சொல்லல. சம்பளம் பேசினேன். அடுத்த வீட்டுப் பிள்ள உழைப்பு நமக்கு எதுக்கு, கேக்கியா. பாதிய முன்னாலயே குடுத்தேன், தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு, மரியாதையா. அவ வேதக்காரப் பிள்ளைல்லா, சர்ச்சுக்குப் போறவ, வெத்தலைய என்ன செய்யன்னு தெரியாம கையில சுருட்டிக்கிட்டு நின்னா. வீட்டுச் சாவி குடுக்கல. பின்கட்டுச் சாவி மட்டும் குடுத்தேன். அங்கன ஒரு அடுப்பு உண்டு, பொங்கிப் போட வசதிதான். அவளுக்குன்னு தனியாப் பாத்திரம் வாங்கி வச்சேன். அதுல என்ன தப்பு, சொல்லு?

"எம்மா, கவுச்சி மட்டும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரப்படாது. சத்தியம் பண்ணு"ன்னு கையை நீட்டினேன். "எங்க வேதத்துல சத்தியம் பண்ணக்கூடாதுன்னு இருக்கு ஆச்சி. துரைய நல்லாப் பாத்துக்கிடுதேன். அது மட்டும் சொல்லுதேன்"னா. என்ன சாமர்த்தியம் பாரு. பிடி குடுக்காமப் பேசிட்டா. எனக்கு அப்பம் வெளங்கல.

பெங்களூர்ல இருந்த அம்புட்டு நாளும் எனக்கு இங்கதான் நினைப்பு. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதும், துரை தின்னானோன்னு இருக்கும். நாங்க கெளம்பும்போது "போயிட்டு வாரோம்"னு சொன்னா, செல்போன்ல இருந்து ஒண்ணும் தலையத் தூக்கல.

எங்க தெருவுல ஆட்டோ திரும்பினதுதான் தாமசம், கேட்டு அதிருது. துரை! முன்னங்கால ரெண்டையும் கேட்டு மேல போட்டு, பின்னங்கால்ல நேரா நிக்கான். அவுக பெட்டிய ரோட்டுலயே போட்டுட்டாவ. முடியெல்லாம் பளபளன்னு மின்னுது. கேட்டத் தொறந்ததும் என் மேல பாஞ்சான் பாரு, நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். மொகமெல்லாம் நக்கி எடுத்துட்டான். என்னைப் பெத்த ஆத்தா கூட என்னை அப்படித் தேடியிருக்க மாட்டா. "முருகா, முருகா"ன்னு அழுதுட்டேன்.

அந்தப் பிள்ள ஒரு ஓரமா நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தா. "ஆச்சி, இப்பம் மாடிப்படியெல்லாம் ஏறுதான், பாக்கியளா?"ன்னா. "எல்லாம் செந்தூரான் செயல்மா"ன்னேன். அவ என்னமோ சொல்ல வாயத் தொறந்தா, பொறவு மூடிக்கிட்டா. அப்பவே மனசுல கள்ளம் இருந்திருக்கு, பாத்துக்கோ. நான் வெள்ளந்தியா மிச்சச் சம்பளத்தக் குடுத்து, பெங்களூர்ல வாங்கின மைசூர்பாகும் குடுத்து அனுப்பினேன்.

மறுநாளே நகைக்கடைக்குப் போயிட்டேன், வேண்டுதல் காலு வாங்க. "ஆச்சி, மனுசக் கால் இருக்கு, வேணும்னா மாட்டுக் காலும் இருக்கு. நாய்க்காலுக்கு எங்ககிட்ட அச்சு கிடையாது"ன்னு அந்தக் கடைக்காரப் பையன் சிரிக்கான். மாட்டுக் கால்ல குளம்புல்லா இருக்கு. மனுசக் காலே போதும்னு வாங்கினேன். யார் காலுன்னு முருகனுக்குத் தெரியாதா? இந்தா, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. இதப் போடத்தான் போறேன். ஏன் இம்புட்டு நாளாப் போடலன்னு கேக்கியா? அதத்தான் சொல்ல வாரேன்.

எங்க வீட்டுல ஒரு ரோசாச் செடி. நான் இருந்தவரைக்கும் ஒழுங்காப் பூக்காது. வந்து பாக்கேன், கை அகலத்துக்குப் பூத்து நிக்கி. என்னடா அதிசயம்னு தூர்ல மண்ணக் கிளறினேன். முட்ட ஓடு. நொறுக்கி நொறுக்கிப் போட்டிருக்கு. எங்க வீட்டு மண்ணுல முட்ட ஓடு! கையில பட்டுட்டு. அந்தானைக்கு, அப்பவே கிணத்தடியில போயித் தலையோட தண்ணிய ஊத்திக்கிட்டேன். ஈரச் சேலையோட வாசல்ல நின்னு, டைப் கிளாஸுக்குப் போன அந்தப் பிள்ளைய நிறுத்தினேன்.

மழுப்பல் கிழுப்பல் ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ. நெஞ்சழுத்தம். "ஆமா ஆச்சி, குடுத்தேன்"ங்கா. "நீங்க போன பொறவு துரை எந்திக்கவே மாட்டேன்னுட்டான். தோள்ல தூக்கிப் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒடம்புல சத்தே இல்ல, முட்டையும் கறியும் குடுக்கலன்னா பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஒங்ககிட்ட கேட்டா வேண்டாம்பீய. அதான் கேக்கல."

"யார் காசுல வாங்கின?"ன்னேன். "நீங்க குடுத்த சம்பளத்துலதான் ஆச்சி"ங்கா. கேட்டியா அக்கிரமத்த? நான் குடுத்த காசுலயே வாங்கி எம் பிள்ளையக் கெடுத்திருக்கா. அந்தச் சம்பளத்துல ஒரு நல்ல பாவாடை சட்டை எடுத்திருக்கலாம்லா, பழசத்தான் போட்டுக்கிட்டு நின்னா. நான் கத்தின கத்துல தெருவே கூடிட்டு. என்னவெல்லாம் பேசினேன்னு எனக்கு நினைவில்ல. கோவத்துல பேசினது. அவ அழல. "தினம் ஒரு முட்டை மட்டும் குடுங்க ஆச்சி, நிறுத்திராதீய"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா.

அவுக அன்னைக்குப் பூராவும் வீட்டுக்குள்ளயே இருந்தாவ. சாயங்காலம் கோயிலுக்கும் போகல. "ஏளா, எந்த மொகத்தோட போயி அவனுக கூட உக்கார?"ன்னாவ. அவுக மொகத்தப் பாக்க எனக்குப் பாவமா இருந்துது.

மஞ்சத் தண்ணியில கோமியம் கலந்து துரையக் குளிப்பாட்டினேன். துண்ணூறு பூசினேன். கோயில் பட்டர்கிட்ட போயி, நாய்க்குத் தீட்டுக் கழிக்க மந்திரம் உண்டுமான்னு கேட்டேன், அவர் சிரிச்சுட்டார். சரி, போனது போவட்டும், இனிமே பழையபடி இருந்துக்கிடலாம்னு தயிர்ச் சோறப் பெசஞ்சு வச்சேன். மோந்து பாத்தான். என்னைப் பாத்தான். போயிப் படுத்துக்கிட்டான்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காத. பாதாம்பருப்ப அரைச்சுப் பால்ல கலக்கி ஊத்தினேன். பன்னீர் வாங்கி நெய்யில வதக்கினேன். சோயா உருண்டை கறி மாதிரியே இருக்கும்னு எவளோ சொன்னா, அதையும் வாங்கினேன். அந்த உருண்டைய வாயில போட்டு, ஒரு கடி கடிச்சுட்டு, எனக்கு முன்னால கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டான். ஏமாத்துதியான்னு கேக்குற மாதிரி இருந்துது எனக்கு. ருசியக் காட்டிவிட்டுட்டாம்மா அவ. வாயில்லாச் சீவன், அது என்ன செய்யும்?

சாயங்காலம் டைப் கிளாஸ் விடுற நேரம் ஆச்சுன்னா எப்படித்தான் தெரியுமோ, எந்திச்சுக் கேட்டுப் பக்கம் போயிருவான். ஒரு நாள் நான் மாடியில வத்தல் அள்ளிக்கிட்டு இருக்கேன், கீழ பாத்தா அந்தப் பிள்ள கேட்டுக்கு வெளிய குத்தவச்சிருக்கா. கம்பிக்குள்ள கைய விட்டு அவிச்ச முட்டையப் பிச்சுப் பிச்சு ஊட்டுதா. அவன் கண்ண மூடிக்கிட்டுத் திங்கான். தின்னு முடிச்சுட்டு அவ கைய நக்கிக்கிட்டே இருந்தான். முட்ட தீந்து போன பொறவும் நக்கினான். எனக்கு வயிறு எரிஞ்சுது. பொறாமைன்னு நினைச்சுக்கிடாத. நாயப் பாத்து நமக்கு என்ன பொறாமை?

அவனப் பின்கட்டுல சங்கிலியில போட்டேன். ரோஸ்லின் வீட்டுக்கும் போனேன். வாசல்ல நின்னுதான் பேசினேன், உள்ள வாங்க ஆச்சின்னு கூப்பிட்டா, நான் போகல. "பிள்ளையக் கண்டிச்சு வையி, எங்க தெருப்பக்கம் தலை தெரியப்படாது"ன்னேன். போலீசு கீலீசுன்னு போனா படிக்கிற பிள்ளைக்கு நல்லதில்லன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரு பேச்சுக்குத்தான். அதுக்குப் போயி ரோஸ்லின் என்ன செஞ்சா தெரியுமா, பதினொண்ணாம் வகுப்புக்குப் பிள்ளைய நாசரேத்துல கொண்டு போயி ஹாஸ்டல்ல விட்டுட்டா. நான் போகச் சொன்னேனா? நீயே சொல்லு. கண்டிச்சு வையின்னுதான சொன்னேன்.

அவ போனதோட துரை சுத்தமா விழுந்துட்டான். சங்கிலி தேவையே இல்லாமப் போயிட்டு. மாட்டு டாக்டர வீட்டுக்கே வரச் சொன்னோம். அவர் கால அமுக்கிப் பாத்தார், நாக்கப் பாத்தார். "இத எங்கிட்ட ஒரு பிள்ள தூக்கிட்டு வந்துதே, நல்லாயிருந்துதே பொறவு? என்ன குடுக்கிய இப்பம்?"ன்னார். சொன்னேன். "கறி வேண்டாம்னா முட்டையாவது குடுங்கம்மா"ன்னார். அவுக தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. "செத்தாலும் சைவமாச் சாவட்டும் டாக்டர்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு சாமி ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாவ. உள்ள அழுதாவளோ என்னமோ, எனக்குத் தெரியாது. டாக்டர் ஒரு ஊசியப் போட்டுட்டுப் போயிட்டார்.

ஆடி அமாவாசை வந்துது. படையல் போட்டு, காக்காய்க்கு வச்சு, இவனுக்கும் இலை போட்டோம். தொடல. அடுத்த வீட்டுக்காரி பாத்துட்டு, "ஆத்தாடி, பெரிய அமாவாசைன்னு முழு விரதம்லா இருக்கு இந்தச் சீவன்!"னு கன்னத்துல போட்டுக்கிட்டா. அவ போயிச் சொல்லி, தெருவுல ஒவ்வொருத்தரா வந்து பாத்தாவ. ஒரு அம்மா அவன் காலத் தொட்டுக் கும்பிட்டா. அவுக மொகத்துல எத்தனையோ நாளைக்குப் பொறவு ஒரு தெளிச்சி. "எங்க துரை பழையபடி ஆயிட்டான்"னு எல்லார்கிட்டயும் சொல்லுதாவ. நானும் "ஆமா, விரதம்"னேன். அவன் சாப்பிட்டே பல நாள் ஆச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன் அத்தனை பேருக்கு முன்னால?

ஆனா எல்லாரும் போன பொறவு அவன் பக்கத்துல உக்காந்தேன். விலாவெலும்பு கைக்குத் தட்டுது. என் பிள்ள செத்துக்கிட்டு இருக்கான்னு அப்பதாம்மா எனக்கு உறைச்சுது.

மறுநாள் காலையில கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பூக்கூடைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். என்னைத் தெரியாத ஏரியாவாப் பாத்து எறங்கி ஒரு கடையில போயி நின்னேன். வாயில வர மாட்டேங்கு. "என்ன ஆச்சி வேணும்?"ங்கான். கையக் காட்டினேன். "நாட்டு முட்டையா, சாதா முட்டையா?"ங்கான். அதுல ரெண்டு தினுசு இருக்குன்னே எனக்குத் தெரியாது. எது நல்லதோ அதக் குடுன்னேன். பேப்பர்ல சுத்திக் குடுத்தான். பூவுக்கு அடியில வச்சு மூடிக்கிட்டு வந்தேன். பஸ்ல யாரும் என்னைப் பாத்தாலே தெரிஞ்சுபோச்சோன்னு இருந்துது.

பின்கட்டுல அந்தப் பிள்ளைக்கு வாங்கின பாத்திரம் கெடந்துது. அதுலதான் போட்டேன். எவ்வளவு நேரம் வேகணும்னு யார்கிட்ட கேக்க? அது பாட்டுக்கு வெடிச்சு, வெள்ளையா நொரைச்சுக்கிட்டு வெளிய வருது. பின்கட்டெல்லாம் அந்த வாடை. முந்தானையால மூக்கக் கட்டிக்கிட்டு எடுத்து ஆத்தி, ஊதி, பிச்சு அவன் வாய்ப்பக்கம் கொண்டு போனேன். இந்தக் கையால, பாத்துக்கோ. பொறந்ததுல இருந்து முட்டையத் தொடாத கை.

வாயத் தொறக்கல.

"துரை, எம் பிள்ளைல்லா, அம்மா வாங்கியாந்திருக்கேன்டா, தின்னுடா"ன்னு கெஞ்சினேன். அசையல. அந்தப் பிள்ள அவன எப்பவும் "துரை சார்"னுதான் கூப்பிடும், பள்ளிக்கூடத்துல வாத்தியாரக் கூப்பிடுறாப்ல, இழுத்து. நானும் வெக்கத்த விட்டுட்டு, "துரை சார், துரை சார்"னு அவள மாதிரியே கூப்பிட்டேன். கண்ணத் தொறந்துட்டான்! வால் லேசா ஒரு ஆட்டு ஆடுச்சு. ஆனா என்னைப் பாக்கல. எனக்குப் பின்னால, வாசலப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். பொறவு என்னைப் பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டான்.

திரும்பினா அவுக பின்வாசல்ல நிக்காவ. எவ்வளவு நேரமா நிக்காவளோ. கையில இருந்த முட்டைய முந்தானைக்குள்ள மறைச்சேன். என்னைக் கொன்னே போட்டுருவாவன்னு நினைச்சேன். "ஏளா, தின்னானா?"ன்னு கேட்டாவ. அவ்வளவுதான் கேட்டாவ. இல்லன்னு தலையாட்டினேன். உள்ள போயிட்டாவ.

மத்தியானத்துக்கு மேல அவன் போயிட்டான். அடக்கம் பண்ணும்போது தெருவே வந்துது, மால வாங்கிப் போட்டாவ. "சுத்த சைவமா வளந்தான், சுத்த சைவமாவே போயிட்டான்"னு அவுக எல்லார்கிட்டயும் சொன்னாவ. நானும் தலையாட்டிக்கிட்டே நின்னேன். கோயில்ல அவுகளுக்குப் பழைய எடம் திரும்பக் கெடச்சுட்டு. ஆனா அவுகதான் போறதில்ல.

இந்த வெள்ளிக் கால மட்டும் போட்டுரணும். வேண்டுதல்னா வேண்டுதல்தான். கொஞ்ச நாளாவது அவன ஓட வச்சாம்லா முருகன். நான் உடனே கொண்டு போயிப் போடாம விட்டதுக்குத்தான் திருப்பி எடுத்துக்கிட்டானோ என்னமோ. வேற என்ன காரணம் இருக்கு? நான் ஒரு கொறை வச்சேனா அவனுக்கு? அந்தப் பிள்ள அப்படி என்னத்தக் கண்டா, நான் காணாதத?

அவ போன் பண்ணினா, தெரியுமா. துரை போன அந்த வாரத்து ஞாயித்துக்கிழமை. ஹாஸ்டல்ல அன்னைக்குத்தான் பேச விடுவாவளாம். அம்மாகிட்ட பேசிட்டு மிச்ச நேரத்துல எனக்குப் பண்ணியிருக்கா. "ஆச்சி, நான் பியூலா. திட்டணும்னா திட்டுங்க, வச்சிராதீய. துரை எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க"ன்னா. ரோஸ்லினும் சொல்லல போல. பிள்ளைக்குப் படிப்புக் கெட்டுரும்னு மறைச்சிருக்கா.

நான் சொல்லத்தான் வாயத் தொறந்தேன், சாமி சத்தியமா. "நல்லா இருக்கான்"னு வந்துட்டு.

"சாப்பிடுதானா ஆச்சி?"ன்னா. "சாப்பிடுதான்"னேன். "என்ன ஆச்சி குடுக்கிய?"ன்னா. "முட்ட குடுக்கேன்"னேன். போன் அறுந்து போச்சோன்னு நினைச்சேன். பாத்தா அழுதுக்கிட்டு இருக்கா. அன்னைக்கு நடுத்தெருவுல நான் அந்தப் பேச்சுப் பேசியும் அழாத பிள்ள. "நீங்க குடுக்க மாட்டியன்னு நினைச்சேன் ஆச்சி. தேங்க்ஸ் ஆச்சி, தேங்க்ஸ் ஆச்சி"ங்கா. நான் என்ன செய்ய? எனக்கும் அழுகை வந்துட்டு. ரெண்டு பேரும் அழுதோம்.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாமப் பண்ணுதா. பெத்த மகன் இப்படிப் பண்ண மாட்டான். நானும் சொல்லுவேன், இன்னைக்கு மாடிக்கு ஏறிட்டான், பக்கத்து வீட்டுப் பூனைய விரட்டிட்டான், மழைக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில போயிட்டான்னு. அவ சிரிப்பா. அவ சிரிக்கும்போது எனக்கு நெசமாவே அவன் பின்கட்டுல படுத்திருக்காப்ல இருக்கும். நான் பேசும்போது அவுக டி.வி. சத்தத்த மட்டும் கொறைச்சு வச்சுக்கிடுவாவ.

இந்தா, நாசரேத்து வந்துட்டு. இங்கதான் படிக்கா. எறங்கிப் போயி நேர்ல சொல்லிரலாமேங்கியா? நல்லாச் சொன்ன. அவ மொகத்தப் பாத்து என்னத்தச் சொல்ல? எறங்க மாட்டேம்மா. இந்த ரயிலும் ஏன் இம்புட்டு நேரம் நிக்கோ தெரியல. அந்தப் பக்கத்துச் சன்னலச் சாத்திரு, எனக்கு வெயில் அடிக்கி.

அப்பாடா, எடுத்துட்டான்.

ஏம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒன்கிட்ட கேக்கலாம்தான. நீ கறி சமைப்பியா? தப்பா நினைச்சுக்கிடாத. போன வாரம் அவ சொன்னா, "ஆச்சி, மழைக்காலம் வருது, அவனுக்குக் காலு வலிக்கும். வாரம் ஒருக்க ஈரல் வாங்கி அவிச்சுக் குடுங்க. தாத்தாவுக்குத் தெரியாம செய்ய முடியுமா ஆச்சி?"ன்னா. செய்யுதேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா. எப்படி அவிச்சியன்னு கேப்பா. முழிச்சேன்னா கண்டுபிடிச்சிருவா, வெவரமான பிள்ள.

எனக்கு அது எந்த நெறத்துல இருக்கும்னு கூடத் தெரியாது. எங்க வீட்டுல யார்கிட்ட நான் கேக்க முடியும்? குரும்பூர் வந்துரும், அதுக்குள்ள சொல்லு. தண்ணி கொதிச்ச பொறவு போடணுமா, முதல்லயே போடணுமா? உப்புப் போடலாமா? எவ்வளவு நேரத்துல வேகும்? வெந்துட்டுன்னு எத வச்சுக் கண்டுபிடிக்க? மெதுவாச் சொல்லும்மா, மனசுல வாங்கிக்கிடுதேன். எனக்கில்ல, துரைக்குத்தான்.